போனஸின் எடை

புக்கிட் லிந்தாங் தோட்டத்து விளையாட்டு விழாவில்
சாக்கு ஓட்டத்துக்குப் பிறகு
பன்றிகளுக்கு எடை பார்த்தது நான்தான்.
பழம் நிறுக்கிற தராசு.
செம்பனைக் குலையைத் தவிர
வேறெதையும் நம்பாத தராசு.

இருதயசாமியின் பன்றிக்குப் பெயர் போனஸ்.
கூப்பிட்டால் வராது, அதனால்.
அஞ்சலைதேவியினுடையது சம்பளம்.
வரும்; வந்த வேகத்தில்
வேலி தாண்டிப் போய்விடும்.

ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
அவர் கோப்பிக்கடை மிச்ச மீயை
வாளி வாளியாய்ச் சுமந்தார்.
இவர் மரவள்ளி அவித்து, மைலோ கலந்து,
"என் பிள்ளைக்கே இதைக் கொடுத்ததில்ல" என்று
பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னார்.

விடிகாலை போனஸுக்குள்
ஒரு தோம்பு தண்ணீர் இறங்கியதாகப் புகார்.
சம்பளத்தின் வயிற்றடியில்
வேண்டுமென்றே கழுவாத சேறு என்று எதிர்ப்புகார்.

போனஸ், நூற்றுப் பதினான்கு கிலோ.
எழுதினேன்.
சம்பளம் ஏறியது. முள் நடுங்கியது.
நான் குனிந்து பார்ப்பதற்குள்
என் கணக்குப் புத்தகத்தைத் தின்றுவிட்டது போனஸ்,
அட்டையோடு, பென்சிலோடு,
அந்த மாதத்து ஓவர்டைம் மொத்தத்தோடும்.

மறுபடி நிறுக்கச் சொன்னார் அஞ்சலைதேவி,
புத்தகத்தின் கனத்தைக் கழித்து.
"கிராணி, அது எத்தனை கிராம்?"
மானேஜர் மைக்கை நீட்டினார்.
அடுத்தது கயிறிழுப்பு என்றேன்.

பரிசுக் கூடை இன்னும் ஆபிஸ் அலமாரியில்.
பிஸ்கட் டின்னில் எறும்பு.
ஓவர்டைமுக்காகத் தோட்டமே என்னை முறைக்கிறது.
கோப்பிக்கடைப் பக்கம் போக முடியவில்லை;
அங்கே அவர்கள் இருவரும்
ஒரே மேசையில் உட்கார்ந்து,
ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கி,
என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.