செவ்வாய்க்கிழமைக் கடல்

ஒன்பது வாரத்துக்குப் பிறகு
மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு.
கிழமை செவ்வாய்.
அதை அப்போது யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அல் நஹ்தாவில், ஏழாவது மாடியில்,
சலவை எந்திரம் குதித்துக்கொண்டிருக்க
காலை பத்துக்குப் பஞ்சாயத்து தொடங்கியது:
அல் கானா, மம்சாரா?

காயலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
இங்கே நின்று உரக்கக் கூப்பிட்டால்
அங்கே ஒருவர் திரும்பிப் பார்க்கக்கூடும்.
இது ஷார்ஜா, அது துபாய்.

ஜெசிந்தாவுக்கு அல் கான்.
நுழைவுச் சீட்டு இல்லை, சுங்கக் காசு இல்லை,
எதிர்க்கரைக் கட்டடங்கள் முழுசாகப் படத்தில் விழும்.
"துபாய்க்குள்ள போனா துபாய் தெரியாதுடி.
இங்கருந்து பாத்தாத்தான் துபாய்."
உவரியில் பிறந்தவள்,
கடலைப் பற்றிப் பேசினால்
கொஞ்சம் அதட்டலாகத்தான் பேசுவாள்.

நூருல் மின்னா
தோசைக்கல்லைத் தேய்த்தபடி சொன்னாள்: மம்சார்.
ஏன் என்றோம். நிழல் இருக்கும் என்றாள்.
கழிப்பறை சுத்தம் என்றாள்.
அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்,
"தலைமுடி நனையணும்" என்றாள்.

எனக்கு எந்தக் கடலும் சரி.
மருந்துக்கடையில் பதினோரு மணி நேரம் நிற்கிற காலுக்கு
மணல் என்பது படுக்கிற இடம்.
சமாதானத்துக்காகச் சொல்லிவைத்தேன்:
"ரெண்டும் ஒரே தண்ணிதானே."
இருவரும் சேர்ந்து திரும்பி முறைத்தார்கள்.
அன்று காலை அவர்கள் ஒத்துப்போனது
அதில் மட்டும்.

ஜெசிந்தாதான் போனில் தேடினாள்.
மம்சார் பூங்காவில் பெண்களுக்கு மட்டும்:
திங்கள், புதன்.

நூருல் நாள்காட்டிப் பக்கம் திரும்பவில்லை.
தோசைக்கல்லில் ஏற்கெனவே தேய்த்த இடத்தையே
மறுபடி தேய்த்தாள்.
மூன்று கம்பெனிகளின் மூன்று சூப்பர்வைசர்கள்,
ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்,
எங்கெங்கோ உட்கார்ந்து கட்டம் போட்டு
எங்கள் கடற்கரையைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்கள்.

கிளம்ப நாலு மணி ஆயிற்று.
அல் கானில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
எலுமிச்சைச் சோறு பல்லில் நறநறத்தது.
ஜெசிந்தா நாற்பது படம் எடுத்து
முப்பத்தெட்டை அழித்தாள்.
நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.
நூருல் தண்ணீரில் நின்றாள்,
அபாயா, முக்காடு, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும்.
முழங்கால். இடுப்பு. கழுத்து.
"ஏய், ஏய்" என்று நாங்கள் ஓட ஓட
மூக்கைப் பொத்திக்கொண்டு
காணாமல் போனாள்.

மூன்று எண்ணுவதற்குள் வந்துவிட்டாள்.
அபாயா காற்றை வாங்கிக்கொண்டு
கறுப்புக் குடைபோல் அவளைச் சுற்றி மிதந்தது.
சிரித்துக்கொண்டே இருமினாள். இருமிக்கொண்டே
"வேர் வரைக்கும்" என்றாள்.

ஈரத்தோடு ஏற்ற எந்த டாக்சியும் தயாராயில்லை.
ஒருவர் கண்ணாடியை இறக்காமலே கையை ஆட்டினார்.
ஒருவர் சீட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.
காற்றுக்கு எதிரே அவளை நிறுத்தி
கொடியில் கிடக்கும் போர்வையைப்போல
அவ்வப்போது திருப்பிவிட்டோம்.
ஜனவரி. அவளுக்குப் பல் கிட்டியது.
ஜெசிந்தா தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
தனக்குக் குளிரவில்லை என்று பொய் சொன்னாள்.

எதிரே மம்சார்,
யாரோ சாவகாசமாக வீட்டைப் பூட்டுவதுபோல
விளக்கு விளக்காக அணைந்துகொண்டு வந்தது.
"அடுத்த தடவை அங்க" என்றேன்.
"திங்களா இருந்தா" என்றாள் நூருல்.
"புதனும் நல்ல நாள்தான்" என்றாள் உவரிக்காரி.
அவள் விட்டுக்கொடுத்து நான் கேட்ட முதல் வாக்கியம்.

பதினொன்றரைக்கு ஒருவர் நிறுத்தினார்.
டிக்கியிலிருந்து பழைய சூப்பர்மார்க்கெட் விளம்பரத்தாள்களை எடுத்து,
ஒன்றும் கேட்காமல், பின்சீட்டில் விரித்தார்.
பாதி விலைக் கோழிமேல்,
மூன்று வாங்கினால் ஒன்று இலவச ஷாம்புமேல்
உட்கார்ந்து வந்தாள்.
உடுப்பு ஏறக்குறையக் காய்ந்திருந்தது.
ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது மட்டும்
முக்காட்டு ஓரத்திலிருந்து தாளில்
சொட்டு விழும் சத்தம் கேட்டது.