புற்று என்று பெயர் வைத்தவர்

நாலு மைக்ரான் கனத்தில் சீவும்போது
கத்தி ஓரிடத்தில் லேசாக முனகும்.
மெழுகு முனகாது. கொழுப்பு முனகாது.
அப்போதே எனக்குத் தெரிந்துவிடும்.
சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்வார்.

பிளாக் எண் 1174.
ஆவுடைத்தாய், நாற்பத்தாறு, புளியங்குடி.
எலுமிச்சை மண்டியில் காய் பிரிக்கிறவள்.
நாளெல்லாம் காய் உருண்டு போகும் விரல்
இடது மாரில் ஒன்றை
ஒரே தொடலில் கழித்து வைத்தது.
'கல்லு மாதிரி இருக்கு' என்று
ஓ.பி. சீட்டில் யாரோ
அவள் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

கண்ணாடித் தகட்டைச் சாயத்தில் முக்கி எடுத்தேன்.
கரு கறுப்பு. உடல் சிவப்பு. நாரெல்லாம் நீலம்.
முக்கால்வாசி நீலம்தான்.
செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது,
இங்கே நாலு, அங்கே ஒரு வரிசை.
அவள் விரலில் இடறியது அவை இல்லை.
அவை தம்மைச் சுற்றி எழுப்பிக்கொண்டது.

எங்கள் பக்கம் கறையானுக்கும் செல் என்றுதான் பெயர்.
கதவு நிலையை அரிப்பதும் செல்,
பாடப் புத்தகத்தில் வட்டமாக வரைந்ததும் செல்.
இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்
எந்த லென்ஸிலும் குனிந்திருக்க மாட்டார்.
பூச்சியை விட்டுவிட்டு
அது கட்டிய மண்ணைச் சொன்னார்.

இந்த நார் எல்லாருக்குள்ளும் இருக்கிறது.
இல்லாவிட்டால் கூழாக ஒழுகிவிடுவோம்.
முழங்கால் சிராய்த்தால் ஓடிவந்து தைப்பதும் அதுதான்.
இவளுக்குள் தையல் நிற்கவில்லை.
சுருண்டு கிடக்க வேண்டிய இழைகள்
விறைத்து நேராகி, ஓரத்தில் தடமாகி,
அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு செல்
வெளியே கிளம்பியிருந்தன.
ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கிடந்தன.
இனிமேல் சொட்டுச் சொட்டாக ஏறப்போகும் மருந்து
மதில் வரைக்கும் வந்து
வாசல் தெரியாமல் நிற்கும்.

டீ நேரத்தில் பி.ஜி. டாக்டர் செய்யது மசூது சொன்னார்:
மதிலை இளக்க மருந்து தேடுகிறார்களாம்.
எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் கிடக்கும்
பிரஷர் மாத்திரை வகையைக்கூடச் சோதிக்கிறார்களாம்.
சில எலிகளில் மொத்தமாக இடித்தே பார்த்தார்களாம்,
நோய் அடங்காமல் இன்னும் வேகமாகச் சிதறியதாம்.
"இடிக்கக் கூடாது சிஸ்டர், தளர்த்தணும்.
எவ்வளவுன்னுதான் தெரியலை."
ஆமவடையைப் பிய்த்துப் பாதியைத் தந்தார்.

நாலு மணிக்கு ஜன்னல் கம்பியில் ஒரு கை.
நகக் கண்ணில் எலுமிச்சைத் தோல் வாசம்.
"தாயி, புத்துதானா?"
"டாக்டர் சொல்வாங்கம்மா."
"சரி, நீ சொல்ல வேண்டாம்."
மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள்.
வரும் வழியில் சங்கரன்கோவிலில் இறங்கி
வாங்கிய புற்றுமண்.
"நாள் பூரா நின்னுக்கிட்டே சோலி பாக்கியே,
காலுக்குத் தேய்ச்சுக்கோ."

என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள்,
பார்க்காதது மாதிரி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தாள்.
கை கழுவிய ஈரம் காயவில்லை.
மண் உடனே இளகி
மணிக்கட்டு வரை வழிந்தது,
ஒரு முரண்டும் இல்லாமல்.

பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது இப்போதைக்கு.
1175-ஐ ஐஸிலிருந்து எடுக்க வேண்டும்.