வில்லுக்குறி ஒண்ணு

பார்வதிபுரத்தில் லாரி இடித்து
பதினோரு நாள் கழித்துக் கண் விழித்தேன்.
பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.
மூக்கு தெரிந்தது, மூக்குக்குக் கீழே மீசை,
மீசைக்குள் ஒற்றை நரை.
எல்லாம் சேர்ந்து யாரென்றுதான்
தெரியவில்லை.

ஸ்கேன் படத்தில் காதுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே,
ஒரு சாம்பல் பொட்டைத் தொட்டு
"இங்கதான் மொகம் கூடும்" என்றார் டாக்டர் ஷைலா.
தேங்காய் முறியில் பூத்த பூஞ்சை மாதிரி இருந்தது.

ஆறு மாதத்தில் மறுபடி தோள்பை, விசில்.
வடசேரி டூ மார்த்தாண்டம்.
இடது குதிகால் தேய்ந்த செருப்பு சுங்கான்கடை.
நகத்தில் ரப்பர் பால் காய்ந்திருந்தால் அழகியமண்டபம்.
செல்போன் உறைக்குள் பத்து ரூபாய் மடித்திருப்பவள்
தக்கலை ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி.
வீட்டுக்காரியை, சிரிக்குமுன் அவள் இழுக்கும்
அந்தச் சின்ன மூச்சால்.
கண்ணாடியில் பல் தேய்ப்பவன்
நான் துப்பும்போது துப்புகிறான்.
நானாகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன ஓய், கண்டும் காணாத மாதிரி?"
கோபம் தெரிகிறது. முன்னைவிட நன்றாகவே:
புருவம் தாழ்வது, வாயோரம் வெளுப்பது.
யாருடைய கோபம் என்பதுதான் இல்லை.
ஆளில்லாத கோபங்களும்
ஆளில்லாத சிரிப்புகளும்
கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகின்றன.

நேற்று நல்ல மழை.
சுங்கான்கடையில் ஒருத்தர் ஏறினார்.
புதுச் செருப்பு. வெறுங்கை. உடம்போடு ஒட்டிய சட்டை.
படிக்க ஒன்றுமில்லாத ஆள்.
மெஷின் கையில் வழுக்கியது;
அந்தக் குளிரில் உள்ளங்கை வேர்த்திருந்தது.
அவர் வாய் திறக்குமுன்
என் கட்டைவிரல்
வில்லுக்குறியை அழுத்திவிட்டது.

வாங்கிப் பார்த்தார்.
எங்கே என்று நீ கேட்கவில்லையே என
அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு சென்ட் விளைக்காக
"இனி ஒனக்க மொகத்துல முழிக்கமாட்டேன்" என்று
கோர்ட் வாசலில் நான் கத்தி
பதினான்கு வருடம்.
அண்ணன் ரசலையனுக்கு வில்லுக்குறியில் வீடு.
வில்லுக்குறிக்கு எத்தனையோ பேர் போகிறார்கள்.

ஸ்டாப்பில் இறங்கியவர்
குடையில்லாமல் அங்கேயே நின்று திரும்பினார்.
மூக்கு. மூக்குக்குக் கீழே மீசை.
மீசையில் மழை.

"போலாமா, வேண்டாமா?" டிரைவர் கத்துகிறார்.
விசில் என் பல்லிடுக்கில்.