கால்வாயெல்லா

கொண்டுபோன குழாய் ஜீப்பிலேயே கிடந்தது.
ஸ்பிரிட் விட்டுத் துடைத்த எவர்சில்வர் டம்ளரில்தான்
மீராள் அந்தச் சேற்றை அள்ளினாள்.
பாளையங்கால்வாய், மேலப்பாளையம் தாண்டி,
மதகுக்குக் கீழே, கார் நட்டுப் பத்து நாளான வயலோரம்.
அழுகின முட்டை வாடை.
பர்தா விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு.

எண்பத்து மூன்று தட்டுகள்.
ஆட்டு ஈரல் சாறு வைத்தோம்.
வைக்கோல் ஊறிய தண்ணீர் வைத்தோம்.
காற்றை உறிஞ்சிவிட்டு வைத்தோம், இருட்டில் வைத்தோம்,
ஆடி போய் ஐப்பசி வரும்வரை
திறக்காமல் வைத்தோம்.
முளைத்ததெல்லாம் வேறு யாரோ.
அழைத்தவரைத் தவிர
தெருவே வந்து உண்டுபோன பந்தி.

இருக்கிறது என்கிறது எந்திரம்.
நான்கே எழுத்துகள் மாறி மாறிப்
பதினோரு லட்சம் எழுத்து நீளத்தில்
ஒரு கோப்பாக வந்திருக்கிறது.
படித்துப் பார்த்தால்
நீந்த வால் இல்லை.
தனக்கான வைட்டமினைத் தானே செய்யத் தெரியாது.
பக்கத்து வீட்டு உறைமோர் கிடைத்தால்தான்
இதன் பால் தோயும்.
அந்தப் பக்கத்து வீட்டைத்தான்
நாங்கள் முதல் வேலையாகக் கழுவிவிடுகிறோம்.
தூய்மையாகப் பிரித்தெடுத்தல் என்று அதற்குப் பெயர்.

காலும் கிடையாது, வாயும் கிடையாது,
கிடப்பது கால்வாயில்.
ராத்திரி பதினொன்றரைக்கு
இதைச் சொல்லி மீராள் சிரித்த சிரிப்பில் வந்தது:
கால்வாயெல்லா நெல்வேலியென்சிஸ்.
எல்லா என்றால் லத்தீனில் சின்னது.
தமிழில் மொத்தமும்.
இரண்டும் பொய்யில்லை.

பெயர்களுக்கு இலக்கணம் பார்க்கிறவர்
கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.
எல்லா என்று முடிவதால் இது பெண்பால்,
நினைவில் கொள்க, என்று எழுதியிருந்தார்.
ஆணுமில்லை பெண்ணுமில்லை,
இரண்டாகப் பிளந்தே பெருகுகிற ஒன்று.
மீராளுக்கு ஒப்புதல்தான்.
"எம்பத்து மூணு தடவ பாக்க வந்தும்
வெளிய வரமாட்டேங்கா.
பொண்ணுதாம்லா."

வளர்த்துக் காட்டாதவரைக்கும்
பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்ட வேண்டும்:
கண்டிடாட்டஸ். வேட்பாளர்.
வெள்ளை உடுத்தவர் என்பது வேர்ப்பொருள்.
ரோமாபுரியிலும் ஓட்டுக் கேட்க
வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் வந்திருக்கிறார்கள்.
அந்த ஒரு சொல் சாய்வெழுத்து.
வளர்ந்து காட்டிய கிருமிகளின் பெயரெல்லாம்
தாளில் சாய்ந்து கிடக்க
இதன் பெயர் நிமிர்ந்து நிற்கும்.
பிடிபட்டதுதான் சாயும் என்று
நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

அப்பா போய் ஆறு வருஷம்.
வாக்காளர் பட்டியலில் இன்னும் இருக்கிறார்.
போன தேர்தலுக்குச் சீட்டுக் கொடுக்க வந்த பையன்
சார் இல்லையா என்றான்.
வெளிய போயிருக்காங்க என்று
அம்மா கை நீட்டி வாங்கி
ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டாள்.
பெயர் மட்டும் இருக்கிறவர்களோடு
எங்களுக்குப் பழக்கம் உண்டு.

விண்ணப்பத்தில் கடைசிக் கட்டம்:
வளர்ப்பு எங்கே சேமிக்கப்பட்டுள்ளது?
மதகுக்குக் கீழே, இடது கரை, என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அங்கே ஒரு கோடு போடவேண்டுமாம்.
போட்டேன்.

மார்கழி மழையில் மதகு புரண்டது.
இடது கரை எதுவென்று கேட்டால்
இப்போது யாருக்கும் தெரியாது.
தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள்
மீராள் வீட்டு அடுப்படியில் ஒரு ஜாண் சேறு,
மிக்ஸி மிதந்து முற்றத்தில்.
மண்வெட்டி தரையில் உரசும் சத்தத்தோடு
போன் வந்தது.
சிரிக்கிறாளா அழுகிறாளா,
டவர் சரியில்லை.

"ஒன் கேண்டிடேட்டு
வீடு வீடா வந்திருக்கா.
டம்ளர எடுக்கட்டா?"