ஒன்பதாவது மரத்திலிருந்து

பெரியபட்டினத்தில் ஐப்பசி மழை
மேலிருந்து விழுவதில்லை.
கடல் பக்கமிருந்து படுத்தவாக்கில் வரும்,
எதைத் தொட்டதோ அதை அடுத்ததன் மேல் அறைந்துவிட்டுப் போகும்.
அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சித்தி ஜுலைகாவின் தோட்டத்தில்
முப்பத்தெட்டு எலுமிச்சை.
இலையிலும் காயிலும் சொறி.
தடவினால் உப்புத்தாளின் சொரசொரப்பு.
வெளிச்சத்தில் பிடித்தால்
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மஞ்சள் வளையம்.

"உப்புக்காத்து" என்றார் பக்கத்துத் தோப்புக்காரர்.
இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்,
ஆணி துருப்பிடித்தாலும்
மகனுக்குப் பெண் அமையாவிட்டாலும்.
உப்பு இலையை ஓரத்திலிருந்து தின்னும்,
நுனியைக் கருக்கும்.
வளையம் போட அதற்குத் தெரியாது.

உச்சிப்புளியில் என் ஆய்வகம் ஒற்றை அறை.
மின்விசிறியை நிறுத்தினால்தான்
நுண்ணோக்கி நடுங்காமல் நிற்கும்.
புள்ளியின் ஓரத்தை மெல்லச் சீவி
ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, வேர்த்தபடி காத்திருந்தேன்.
பூஞ்சையென்றால் நூல் தெரிந்திருக்கும்.
வெட்டுவாயிலிருந்து புகை கிளம்பியது.
தண்ணீருக்குள் புகை,
லட்சம் லட்சமாய் வெளியேறும் பாக்டீரியா.
அழகாகத்தான் இருந்தது.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

குறிப்பேட்டில் மரத்துக்கு ஒரு கட்டம் போட்டேன்,
நோய்க்கு ஒரு பெருக்கல் குறி.
காற்று பரப்பியிருந்தால்
கிழக்கு வேலியில் தொடங்கி விசிறியாய் விரிந்திருக்கும்.
இது ஒன்பதாவது மரத்தில் தொடங்கி
பத்து, பதினொன்று என்று கிணறு வரை போய்
அங்கே திரும்பி அடுத்த வரிசையில் வந்தது.
ஓர் ஆள் நடக்கிற மாதிரி.
இருபத்தொன்பது பெருக்கல் குறிகள்.
நடுவில் இருபத்துமூன்று மட்டும் வெறுங்கட்டம்.

அந்த மரத்தில் முசுறுக் கூடு.
கழுத்தில் கடித்ததால் அதை மட்டும்
கத்தரிக்காமல் தாண்டினேன்,

நான்.
ஆவணியில் பயிற்சி முகாம் நடத்தியவள்.
காய்ந்த குச்சியை எங்கே, எந்தச் சாய்வில் வெட்டுவதென்று
முப்பத்தேழு மரத்திலும் செய்து காட்டியவள்.
முந்தின இரவு ஒரு திடீர் மழை, இலையெல்லாம் ஈரம்.
மரத்துக்கு மரம் கத்தரிக்கோலை
ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும் என்று
காலையில் வகுப்பெடுத்ததும் இதே வாய்.
ஸ்பிரிட் பாட்டில் ஜீப்பிலேயே கிடந்தது.
ஜீப் சாலையில் நின்றது.
வெயில் வேறு.

அலுவலகப் படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
பரவிய விதம்? காற்று, மழை, பூச்சி, கருவி.
கருவியை வட்டமிட்டேன்.
அதற்கு மேல் எழுத இடம் இல்லை,
அதனால் நேரில் போனேன்.

ஜுலைகா கேட்டு முடித்துவிட்டு
கிணற்றைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு, "அந்தப் பாட்டில் எம்புட்டு வெல?" என்றாள்.
"நாப்பது ரூவா."
கீழக்கரைக் கடைக்குப் போகவேண்டிய
பதினாறு மூட்டைக் காயை
மனசுக்குள் அந்த நாற்பதால் வகுத்துப் பார்த்திருப்பாள்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் துத்தம்,
இன்னொன்றில் சிப்பிச் சுண்ணாம்பு.
இரண்டையும் சேர்த்தால் வானத்தின் நிறம்.
சோதிக்கக் கத்தி வேண்டும் என்றேன்.
என் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி
அவளே முக்கி எடுத்தாள்.
அலகில் செம்பு படிந்தது, இரத்தச் சிவப்பாக.
"இன்னும் சுண்ணாம்பு வேணும்" என்றேன்.
கரைத்து ஊற்றினாள். துடைத்து முக்கினாள்.
மறுபடி சிவப்பு.
நான்காம் தடவை அலகு அலகாகவே வந்தது.

கத்தரிக்கோலை அவள் திருப்பித் தரவில்லை.
நோயில்லாத மரங்களில் தொடங்கச் சொன்னேன், தொடங்கினாள்.
ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் கையை நீட்டுவாள்,
முகம் திருப்பாமல்.
நான் பஞ்சை நனைத்துக் கொடுப்பேன்.
வெட்டிய குச்சிகளைக் கிணற்றடியில் எரித்தோம்.
புகையில் ஊறுகாய் வாசம்.

கடைசியாக மிஞ்சியது இருபத்துமூன்று.
முசுறு அவளையும் கடித்தது.
அதன் வாப்பா வரைக்கும் இழுத்துத் திட்டினாள்.
அந்த மரத்தை அப்படியே விட்டோம்.