பதினொரு எட்டு

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் சொன்னவர்:
"சக்கர் மீன் ஒண்டு விடுங்கோ தம்பி,
அடியில கிடக்கிற ஊத்தையெல்லாம் அதே திண்டு முடிச்சிடும்."
இருநூற்றைம்பது ரூபாய்.
தின்றது உண்மை.
தின்றதை எங்கே விடும் என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
இப்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
கறுப்பு நூலொன்றை இழுத்தபடியே திரிகிறது,
ஐந்து தங்கமீனும் சேர்ந்து போடுவதைவிட
ஒரு சாண் கூட.

ஞாயிற்றுக்கிழமையில் என் வேலை இது.
பெற்றோல் இல்லாத காலத்தில்
டாங்கிக்கு டாங்கி இழுக்க வாங்கிய அதே குழாய்.
ஒரு முனை கூழாங்கல்லுக்குள், மறுமுனை வாய்க்குள்.
இழுத்தவுடன் விரல் வைத்தால் தப்பினேன்.
பிந்தினால்
மீன்களின் ஒரு கிழமை என் நாக்கில்.

சுகிர்தா கதவுநிலையில் நின்று சிரிப்பாள்,
தோளில் மூன்று மாதப் பிள்ளை,
ஏவறைக்குத் தட்டியபடி.
"ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்.
நீங்கள் அங்க, நான் இங்க."

வாளியில் இறங்கும் தண்ணீர் பிளேன்ரீ நிறம்.
கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன்.
அந்தக் கறிவேப்பிலை
மதிலைத் தாண்டிவிட்டது.

தீனியைக் குறைத்தேன், நாளுக்கு ஒரு சிட்டிகை.
ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவுவதை விட்டு
தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தேன்,
அதற்குள் குடியிருப்பவை சாகக்கூடாதாம்.
கண்ணுக்குத் தெரியாத அவை
நஞ்சை உடைத்து
கொஞ்சம் குறைந்த நஞ்சாக்குமாம்.
அதற்கு மேல் அவைக்கும் ஏலாது.
மிச்சத்தைத் தண்ணீர் மாற்றித்தான் போக்கவேண்டும்.

மாற்றினேன். பாதி. பிறகு முக்கால்.
சோதிக்கிற கடதாசித் துண்டு
ஒவ்வொரு முறையும் செவ்வரத்தம்பூ நிறத்திலேயே நின்றது.
கடைக்காரரைத் திட்டினேன். சக்கரைத் திட்டினேன்.
மிஞ்சிய இரண்டு துண்டில் ஒன்றை
சும்மா, ஒரு எரிச்சலில்,
கிணற்று வாளிக்குள் தோய்த்தேன்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிப் பெட்டியில் இருந்தது.
பத்துச் செக்கனில் சிவந்தது.

மீனே இல்லாத தண்ணீர்.

கிணற்றுக்கட்டில் கனநேரம் இருந்தேன்.
கோண்டாவிலில் ஒன்றரைப் பரப்புக் காணி.
இந்த மூலையில் கிணறு,
அந்த மூலையில் மலசலகூடக் குழி.
எழுந்து காலால் அளந்தேன். பதினொரு எட்டு.
மதிலுக்கு அப்பால் தவராசா அண்ணையின் வெங்காயப் பாத்தி,
யூரியாப் பை வாய் திறந்தபடி.
கீழே, சொல்லத் தேவையில்லை, சுண்ணாம்புக்கல்.
ஸ்பொஞ்சைப்போல ஓட்டை ஓட்டையாய்,
ஆனால் எதையும் பிடித்துவைக்காத ஸ்பொஞ்ச்.
மூன்று பக்கமும் கடல்,
நாலாவது பக்கம் ஆனையிறவு.
இதற்குள் எங்கே குழாயைப் போட்டு
எந்த வாயால் இழுப்பது?

பிள்ளையின் பால்மா
நேற்றுவரை இந்தத் தண்ணீரில்தான் கரைந்தது,
ஆவி பறக்கக் கொதிக்கவைத்துத்தான்.
"கொதிச்சாப் போகாது, இன்னும் இறுகும்"
என்று பின்னேரம் மிட்வைஃப் அக்கா வந்து சொன்னபோது
சுகிர்தா சிரிக்கவில்லை.
பிள்ளையின் மூடிய கையை விரித்து
நகங்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தாள்,
நீலம் தேடி.
இளஞ்சிவப்பு. பத்தும் இளஞ்சிவப்பு.
மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

இப்போது குசினியில் பெரிய போத்தல், தலைகீழாய்.
மீனுக்குக் கட்டுப்படியாகாது.

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் மழை.
பீலிக்குக் கீழே இரண்டு வாளி வைத்தேன்,
பிறகு கிடாரம்,
பிறகு பிள்ளை குளிக்கிற பேசின்.
கடைசித் துண்டை அதில் தோய்த்தேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
வெள்ளையாகவே கிடந்தது.

வீட்டுக்கார ஐயா குடையோடு மதிலால் எட்டிக் கேட்டார்:
"மழைத்தண்ணியை என்ன செய்யப் போறீர்?"
"மீனுக்கு."
"கிணறு நிறைஞ்சு கிடக்கே தம்பி."
"ஓம்," என்றேன்.
குழி மூடியின் மேலே
மழை கொஞ்சநேரம் தேங்கி நின்று
பிறகு மெல்ல
உள்ளே போய்க்கொண்டிருந்தது.