தொடை எலும்பு

மூன்று பிளாஸ்டிக் உறை, ஒன்றுக்குள் ஒன்று.
அதற்குள் ஒரு காட்டுப்பன்றியின் தொடை எலும்பு.
தார்த்து ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில்
பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்தபடி நிற்கிறான்
ஹெல்துர். உள்ளே வரச் சொல்லவில்லை யாரும்.
சொன்னாலும் வந்திருக்க மாட்டான்.

ஜூலையில் லெய்தாவின் பண்ணையில்
நாற்பத்து மூன்று பன்றிகளையும்
ஒரே பகலில் கொன்று குழியில் இறக்கினார்கள்.
காட்டுக்கும் பண்ணைக்கும் போய்வருகிற கால்கள்
ஊரில் ஒரே ஒரு ஜோடிதான் என்று
எல்லோருக்கும் தோன்றியது.
அன்றிலிருந்து
சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு அவனைக் கூப்பிடுவதில்லை.
அவன் நுழைந்தால் கடையில் பேச்சு
ரொட்டி விலைக்கு மாறிவிடுகிறது.

“சதுப்பில் கிடந்தது. போன குளிர்காலத்துச் சாவு.
சதை இல்லை. மஜ்ஜை இருக்கும்.”

விர்வெ எலும்பை அறுக்கிறாள்.
மஜ்ஜை, பழைய மெழுகின் நிறத்தில், கொஞ்சம்.
அது போதும்.
லட்சத்துத் தொண்ணூறாயிரம் இடங்களை
நான்கே எழுத்தால் நிரப்பிக்கொண்ட ஒன்று
அதில் இருக்கிறது, அல்லது இல்லை.
தமிழில் எழுதிப் பார்க்கிறேன்: ஏ, சி, ஜி, டி.
ஒன்று உயிர், மற்றவை உயிர்மெய்.
இத்தனை இருந்தும் இதற்கு உயிர் உண்டா என்றால்
விர்வெ தோளைக் குலுக்குவாள்.

அவள் தேடுவது ஓர் இடம்.
அங்கே வைரஸுக்குத் திக்குவாய்.
ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.
அடுக்குத்தொடர் நான்கோடு நிற்கவேண்டும் என்பது நம் இலக்கணம்;
இது படித்ததில்லை.
அந்தக் காட்டில் மூன்று வருடமாகச் செத்த பன்றிகளில்
பத்து முறை.
ஹெல்துர் கொண்டுவந்த எலும்பிலும்
பத்து.
லெய்தாவின் பண்ணையில் ஒன்பது.

மறுபடி எண்ணினாள்.
இயந்திரத்தை நம்பாமல்
திரையில் விரலை வைத்து, சந்தைக்கடைக் கணக்குப்போல.
ஒன்பது.

ஒன்பது முறை திக்கும் உறவுக்காரர்கள்
இந்த மாவட்டத்தில் இல்லை, அடுத்ததிலும் இல்லை.
இரண்டு எல்லை தாண்டி, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு கிளை இருக்கிறது.
எந்தக் கேழலும் அவ்வளவு தூரம் நடக்காது.
லாரி போகும்.
ஓட்டுநரின் மடியில், ரொட்டிக்கு நடுவே
இரண்டு துண்டு கறி போகும்.
மிச்சம் ஜன்னல் வழியே போகும்.
இவ்வளவையும் எழுத்துகள் சொல்லவில்லை.
‘இங்கிருந்து அல்ல’ என்றன, அவ்வளவுதான்.
அறிக்கையில் விர்வெ எழுதியதும் அவ்வளவுதான்.
ரொட்டி நான் வைத்தது.

தொலைபேசியில் சொன்னாள்.
அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று.

“அப்போ பன்றிகள்மேல் தப்பில்லை.”

“இந்தப் பண்ணை விஷயத்தில், இல்லை.
உங்கள் மேலும்” என்று சேர்த்தாள்.
அது அவன் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

“ஆகஸ்டில் உத்தரவு வந்தது. எண்பத்தேழு சுட்டோம்.
பதினாறு என்னுடையது.
முதலாவது, குட்டிகளோடு நின்றிருந்தது.”

பிறகு கேட்டான்,
எலும்பைத் திருப்பித் தருவீர்களா?

தரமுடியாது. எரிக்கவேண்டும் என்பது விதி.
அதை எப்படிச் சொல்வதென்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நாள்
சனிக்கிழமை.
அவன் ஊரில் இந்நேரம் குளியலறைப் புகைபோக்கிகள்
ஒவ்வொன்றாய்ப் புகையத் தொடங்கியிருக்கும்.